பழைய ஸ்போர்ட்ஸ் காரை அப்படியே விடுவதா, கொஞ்சம் மாற்றுவதா, எஞ்சினையே இறக்குவதா?

போன மாதம் பெங்களூர் ஜெயநகரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி, வீட்டு போர்ட்டிகோவில் ஏழு வருடமாக நிற்கிறதாம். “ஒரு மெக்கானிக் மாருதி ஈகோ வேன் எஞ்சின் போட்டுடலாம், ஜம்முனு ஓடும்ங்கிறார். இன்னொருத்தர் ஒரு போல்ட்டைக்கூட மாத்தாதீங்கங்கிறார். யார் சொல்றதைக் கேட்கிறது, சார்?” இதே கேள்வியை இந்த வருடத்தில் என்னிடம் கேட்ட நான்காவது ஆள் அவர். மற்ற மூவரில் ஒருவரிடம் எம்.ஜி.பி. என்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், ஒருவரிடம் ஹிந்துஸ்தான் காண்டெஸா, இன்னொருவர் இன்னும் வாங்கவே இல்லை. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பதும் ஹெரால்டுதான். 1966 மாடல், இரண்டு கதவு. சென்னையில் சித்தப்பா வைத்திருந்தது. 1999-ல் ஓசூர் ரோடு வழியாக ஓட்டிக்கொண்டு அல்சூருக்கு வந்தேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் மேட்டில் இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். அன்றிலிருந்து இந்த மூன்று யோசனைகளும் எனக்குள் மாறி மாறி வந்திருக்கின்றன. இரண்டைச் செய்து பார்த்தேன். மூன்றாவதை நண்பர் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் 1959-ல் வந்த குடும்பக் கார்தான் இது. மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்தது. ஆனால் 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேசிஸை (அடிச்சட்டத்தை) நீளம் குறைத்து, அதன் மேல் வேறு பாடி வைத்துச் செய்ததுதான். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. எஞ்சின் குடும்பமும் சஸ்பென்ஷனும் ஒன்றே. பானெட் மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறப்பதும் இரண்டிலும் உண்டு. அதனால் கீழே ஹெரால்டு பற்றிச் சொல்வதில் பெரும்பாலானது ஸ்பிட்ஃபயருக்கும் பொருந்தும். எம்.ஜி. வைத்திருப்பவர்களுக்கான விஷயம் இடையில் வரும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

குதிரைத்திறன் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இருபத்தைந்து வருடம் கழித்துப் பார்த்தால், அது என் பட்டியலில் கடைசியில் நிற்கிறது.

முதலில் சில்க் போர்டு. அந்தச் சந்திப்பில் மே மாத மதியம் முக்கால் மணி நேரம் ஊர்ந்து, கொதிக்காமல், கிளட்ச் போகாமல், பிரேக் நம்பகமாக இருந்து வெளியே வர முடியுமா? அடுத்தது ஆர்.சி. வண்டியில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது, செய்த மாற்றத்தைப் பிற்பாடு கழற்றிப் பழையபடி ஆக்க முடியுமா என்பது. நான்காவது, இன்று வேலை செய்த மேஸ்திரி நாளை ஊருக்குப் போய்விட்டால் வேறொருவர் அந்த வண்டியைப் புரிந்துகொண்டு ரிப்பேர் செய்ய முடியுமா என்பது. பணத்தை முதல் வருடக் கணக்காகப் பார்க்காமல் பத்து வருடக் கணக்காகப் பாருங்கள்.

பெங்களூருக்கு மட்டும் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். நாம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காற்று மெலிசு. சென்னையில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகம் ஊற்றும், பிளக் கரி பிடிக்கும், எஞ்சினின் சக்தியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். மூடியில்லாத பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சென்னையைவிட இங்கே சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். “வண்டிக்கு இழுவையே இல்லை, எஞ்சினை மாத்தணும்” என்று வருபவர்களில் சிலருக்கு வேண்டியிருப்பது கார்புரேட்டரில் சின்ன ஜெட்டும் புது ரேடியேட்டர் மூடியும்தான்.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை. தொகைகள் என் டைரியிலும் நண்பர்கள் கைச்செலவிலும் பார்த்தவை, உங்கள் வண்டிக்கு ஏறி இறங்கும்.

| | அப்படியே வைப்பது | கழற்றக்கூடிய மாற்றம் | வேறு எஞ்சின் |
|---|---|---|---|
| டிராஃபிக்கில் | கவலைதான் | தாங்கும் | நன்றாகச் செய்தால் தாங்கும் |
| பிரேக் | பழைய டிரம், ஒரே லைன் | முன்னால் டிஸ்க் | மாற்றியே ஆக வேண்டும் |
| ஆர்.சி., காப்பீடு | சிக்கல் இல்லை | பெரும்பாலும் இல்லை | பெரிய சிக்கல் |
| பழைய நிலைக்கு | ஏற்கெனவே அதுதான் | ஒரு வார இறுதி | அநேகமாக முடியாது |
| முதல் செலவு | 50,000 – 1 லட்சம் | 1.5 – 2 லட்சம் | 4 லட்சத்துக்கு மேல் |
| வருடா வருடம் | 30,000 – 40,000 | 20,000 – 25,000 | சொல்ல முடியாது |

## ஒன்று: அப்படியே வைத்துக்கொள்வது

கம்பெனியிலிருந்து வந்தபடி: பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோ, பிளக்குக்குப் பொறி கொடுக்க பாயிண்ட், ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 948 சிசி எஞ்சின். நான் முதல் பத்து வருடம் இப்படித்தான் ஓட்டினேன். அதில் ஒரு ருசி உண்டு, மறுக்க மாட்டேன். காலை ஐந்தரை மணிக்கு சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, தேவனஹள்ளி வழியாக நந்தி மலை அடிவாரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்பினால் அந்த வாரம் முழுக்க மனசு லேசாக இருக்கும்.

இந்த வழியின் பெரிய பலம் காகிதத்தில் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயதைக் கடந்து மூல வடிவத்திலேயே இருக்கிற வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். சேசிஸ், பாடி, எஞ்சினில் கணிசமான மாற்றம் இருக்கக் கூடாது. நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை லால்பாக் பக்கம் தோசை சாப்பிடப் போவது இதில் எந்தக் கணக்கில் வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சாதாரணப் பதிவிலேயே ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொண்டு போவதும் ஒரு வழிதான். 20 வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள், இறக்குமதி காருக்கு 80,000.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். முதலாவது, இன்றைய பெட்ரோல். பங்க்கில் இப்போது கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பரைத் தின்னும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரும்பு டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றத்தான் வேண்டும். “ஒரு போல்ட்டைக்கூட மாத்தாதீங்க” என்பவர்கள் இதை யோசிப்பதில்லை. ஹோஸ் ஒழுகினால் அது விழுகிற இடம் சூடான சைலன்சர் குழாய். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுக்க நின்றுபோனது. அதற்கு முன் செய்த எஞ்சின் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைக் கெட்டியான உலோகத்தில் போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நல்ல லேத் கடையில் இரண்டு நாள் வேலை.

இரண்டாவது செலவு, தெரியாதவர் கைபடுவது. 2007-ல் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மேஸ்திரி தங்கை கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தார். அவசரத்துக்கு வேறொரு இடத்தில் சர்வீஸுக்கு விட்டேன். பையன் நல்ல பையன்தான், சுறுசுறுப்பாக கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்ட நிப்பிள் எல்லாவற்றிலும் அடித்துவிட்டான். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன் சக்கரம் திரும்புவது பித்தளையால் ஆன ஒரு மரையில். டிரன்னியன் என்று பெயர். அதற்குள் கிரீஸ் போடக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் மேலே ஏறாது, கீழே அடைத்துக்கொண்டு நிற்கும், தண்ணீர் புகுந்து மரை உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து அரிக்கும். அடுத்த மழைக்காலம் முடிந்து ஒரு நாள், வில்சன் கார்டன் பத்தாவது கிராஸில் மிக மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். முன்பக்கம் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் இடது சக்கரம் நாய் காலைத் தூக்கிய மாதிரி மட்கார்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. பத்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்ததால் இதை எழுத இருக்கிறேன். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு என்னிடம் பேசவே இல்லை. உடைந்த துண்டைக் கையில் கொடுத்தார். மரையின் பள்ளங்களில் கிரீஸ் காய்ந்து, புளியங்கொட்டை நிறத்தில் துரு.

மூன்றாவது, பிரேக். பழைய ஹெரால்டில் பிரேக் ஆயில் ஒரே லைனில் ஓடுகிறது. எங்கேனும் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு, கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். முன்னால் போகிற ஆட்டோ சொல்லாமல் நிற்கிற ஊரில் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

உதிரி பாகத்துக்கு ஜே.சி. ரோடில் தேடினால் சில நாள் கிடைக்கும், சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய சாமான் சந்தையில்) அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். மீதி இங்கிலாந்திலிருந்து தபாலில் வரும், பொருளின் விலையைவிடத் தபாலும் கஸ்டம்ஸும் கூடுதலாக இருக்கும்.

எம்.ஜி.பி. நண்பருக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. அவர் காரின் 1798 சிசி எஞ்சினும் நம்மூர் அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினும் ஒரே பி.எம்.சி. குடும்பம். அம்பாசடர் எஞ்சினில் முப்பது வருடம் கை வைத்த மேஸ்திரி, எம்.ஜி.பி. பானெட்டைத் திறந்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்தது போல் சிரிப்பார். அதனால் எம்.ஜி.க்காரர்களுக்கு இந்த முதல் வழி, ஹெரால்டுக்காரர்களுக்கு இருப்பதைவிடச் சுலபம்.

வண்டி ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது, மாதத்தில் இரண்டு காலைகள்தான் எடுப்பீர்கள், டிராஃபிக்குக்கு முன்னால் வீடு திரும்பிவிடுவீர்கள், நிறுத்த மூடிய இடம் இருக்கிறது என்றால் இந்த வழியை எடுங்கள். பிற்காலத்தில் விற்கும் எண்ணம் இருந்தாலும் இதுதான். மூல வடிவத்தில் இருக்கிற வண்டிக்கு வாங்குபவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

## இரண்டு: கழற்றக்கூடிய மாற்றங்கள்

2009-லிருந்து என் வழி இது. இதற்கு எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றே: வெட்டக் கூடாது, வெல்டிங் கூடாது. போல்ட்டில் மாட்ட வேண்டும், போல்ட்டில் கழற்ற வேண்டும். கழற்றிய பழைய சாமான் ஒவ்வொன்றும் பெயர் எழுதிய துணிப்பையில், பழைய அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. வி.ஏ. பதிவுக்குப் போக நினைத்தால் டிரம்மைத் திறந்து திருப்பி மாட்டினால் போதும்.

நான் செய்த வரிசையில் சொல்கிறேன், ஏனென்றால் வரிசைதான் முக்கியம்.

முதலில் பிரேக். ஸ்பிட்ஃபயரில் ஆரம்பத்திலிருந்தே முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் உண்டு. சஸ்பென்ஷன் ஒன்றே என்பதால் அது ஹெரால்டில் அப்படியே உட்காரும். மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும், இதை மறந்தால் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். செலவில் பாதி இதற்கே போனது. ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும் என்று மேஸ்திரி பிடிவாதம் பிடித்தார், அவர் சொன்னது சரி.

அடுத்தது மின்சாரம். பழைய டைனமோ மெதுவாகச் சுற்றும்போது ஒன்றும் கொடுக்காது. மழை நாள் மாலை, ஹெட்லைட், வைப்பர் இரண்டும் போட்டு எம்.ஜி. ரோடில் ஊர்ந்தால் பேட்டரி இறங்கும். மாருதி ஆல்டர்னேட்டர் ஒன்றை, லேத்தில் செய்த பிராக்கெட்டில் மாட்டினோம். என் காரின் வயரிங்கில் ஃபியூஸே கிடையாது. ஆறு ஃபியூஸ் உள்ள சின்னப் பெட்டியை டேஷ்போர்டுக்குக் கீழே வைத்தோம். பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் பாடியோடு சேர்ந்திருக்கும், ஆல்டர்னேட்டர் போடுவதற்கு முன் அதைத் திருப்ப வேண்டும். இதை மறந்து ஒரு ஆல்டர்னேட்டரைப் பொசுக்கியவன் நான்தான்.

மூன்றாவது, பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே தெரியாது. டிராஃபிக் சூட்டில் கண்டென்சர் போய் நடுரோட்டில் நிற்கும் தொல்லை அதோடு ஒழிந்தது. ஆனால் பழைய பாயிண்ட் ஒரு செட், ஸ்க்ரூடிரைவரோடு கிளவ் பாக்ஸில் எப்போதும் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் போனால் போனதுதான். பாயிண்டைத் தேய்த்தாவது வீடு வந்து சேரலாம்.

நான்காவது ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன். அதற்கு அப்புறம்தான் சக்தி பற்றிய பேச்சு.

அந்தப் பேச்சிலும் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் 1961-ல் வந்த 1147 சிசி ஹெரால்டு 39 குதிரைத்திறன். முதல் ஸ்பிட்ஃபயரில் அதே 1147 சிசி பிளாக், 63 குதிரைத்திறன். இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், வேறு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கூடுதல் கம்ப்ரஷன், இவைதான் முக்கிய வித்தியாசம். கூடுதல் சக்தி வேண்டும் என்றால் அது உங்கள் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது, வேறு கம்பெனி வாசலுக்குப் போக வேண்டியதில்லை. நான் இரட்டை கார்புரேட்டர் மட்டும் போட்டேன், கேம்ஷாஃப்டைத் தொடவில்லை. அது போட்டால் குறைந்த வேகத்தில் எஞ்சின் முரண்டு பிடிக்கும், இந்த ஊரில் பாதி நேரம் குறைந்த வேகம்தானே.

இன்னும் கொஞ்சம் சக்தி ஏற்ற ஆசைப்படுகிறவர்கள் பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஹெரால்டிலும் ஆரம்ப ஸ்பிட்ஃபயர்களிலும் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி வால் பக்கம் வெளியே பாயும். 1970-ல் வந்த நான்காவது ஸ்பிட்ஃபயரில் பின் ஸ்பிரிங்கின் அமைப்பை மாற்றித்தான் கம்பெனியே இதைச் சரிசெய்தது. அந்த ஸ்பிரிங்கை நம் வண்டிக்குப் போட முடியும். நந்தி மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இதன் அர்த்தம் நன்றாகவே புரியும்.

இந்த வழியின் மறைந்த செலவு, சின்னச் சின்னதாகச் சேர்வது. ஒன்றைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும். ஆல்டர்னேட்டர் வந்தது, ஃபேன் பெல்ட் அளவு மாறியது. ஃபேன் வந்தது, ரிலே வேண்டியிருந்தது. டிஸ்க் வந்தது, பழைய டயர் பாவமாகத் தெரிந்தது, 13 அங்குல ரேடியல் வந்தது. கணக்கு எழுதாவிட்டால் இரண்டு லட்சம் எப்படிப் போனது என்றே தெரியாது. மனைவி கேட்டபோது எனக்கும் தெரியவில்லை. அப்போதுதான் டைரி போட ஆரம்பித்தேன். செய்த வயரிங் மாற்றத்தை எல்லாம் நிறத்தோடு வரைந்து அந்த டைரியிலேயே ஒட்டினேன்.

வெட்டாத சட்டத்துக்கு நான் கொடுத்த ஒரே விதிவிலக்கு சீட் பெல்ட். அதற்குத் துளை போட்டுத்தான் ஆக வேண்டும். வெறும் தகரத்தில் போடாமல் பின்னால் கனமான தகடு கொடுத்துப் போடுங்கள்.

வாரத்தில் ஒரு நாளாவது ஊருக்குள் எடுப்பேன், மைசூர் வரைக்கும் போய்வர வேண்டும், வீட்டில் மற்றவர்களையும் ஏற்ற வேண்டும் என்பவர்களுக்கு இது. ஏன், பெங்களூரில் பழைய காரை உண்மையிலேயே ஓட்ட நினைக்கிற பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் என்பேன்.

## மூன்று: வேறு எஞ்சின்

ஜெயநகர் பெண்ணிடம் சொன்ன அந்த ஈகோ எஞ்சின் யோசனை முட்டாள்தனம் இல்லை. மாருதி ஈகோ பின் சக்கரத்தில் இழுக்கிற வண்டி, அதனால் எஞ்சினும் கியர் பாக்ஸும் நீளவாட்டில் இருக்கும். 2022 வரை வந்ததில் 1196 சிசி, 73 குதிரைத்திறன், ஐந்து கியர். ஜிப்சியின் 1.3 லிட்டர் எஞ்சினையும் இதே காரணத்துக்காகச் சொல்வார்கள். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட், சோக் இல்லை, உயரத்துக்கு ஏற்ப பெட்ரோல் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும், உதிரி பாகம் எந்த முக்குக் கடையிலும் கிடைக்கும்.

என் நண்பர் 2014-ல் தன் ஹெரால்டில் ஈகோ எஞ்சின் போட்டார். மூன்று மாதம் என்று ஆரம்பித்த வேலை பதினாலு மாதம் ஓடியது. கியர் பாக்ஸ் உட்காருவதற்குத் தரைத் தகரத்தை வெட்டினார்கள். புது புரொப்பல்லர் ஷாஃப்ட், புது ரேடியேட்டர், டேங்க்குக்குள் ஹை பிரஷர் பம்ப், கம்ப்யூட்டர் பெட்டி, அதற்கு வயரிங். வண்டி வந்த முதல் மாதம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பையன் மாதிரி ஓட்டினார். எனக்கும் ஒருமுறை கொடுத்தார். நைஸ் ரோடில் மூன்றாவது கியரில் அழுத்தினேன், பொறாமையாகத்தான் இருந்தது.

எட்டாவது மாதம் பின் ஆக்ஸிலிலிருந்து ஊளைச் சத்தம். சின்ன எஞ்சினுக்குச் செய்த டிஃபரென்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் கியர்) அது, 73 குதிரையைத் தாங்கவில்லை. அதையும் மாற்றினார், அதற்காக இன்னும் வெட்டினார்கள். அதற்கு அப்புறம் தும்கூர் ரோடில் ஒரு நாள் வண்டி செத்தது. வயரிங் போட்டவர் கடையை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போயிருந்தார். எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற படம் அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. ஹெரால்டு தெரிந்தவர்கள் “இது ஈகோ சார்” என்றார்கள். ஈகோ தெரிந்தவர்கள் பானெட்டைத் திறந்து பார்த்து “இது என்ன வண்டி சார்” என்றார்கள்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வகை எஞ்சினைப் போடுவதற்கே ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டி வாங்க வேண்டும். வேறு கம்பெனி எஞ்சின் என்றால் நம்பரும் வகையும் ஆர்.சி.யோடு பொருந்தாது. எஃப்.சி. நேரத்தில் மாட்டும். விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனி கையை விரிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம். வி.ஏ. பதிவுக்கான கதவும் மூடிவிடும். நண்பரின் வண்டி இப்போது கனகபுரா பக்கம் ஒருவரின் பண்ணையில் நிற்கிறது, ரோட்டுக்கு வருவதில்லை. போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு விற்றார்.

அப்படியானால் இந்த வழி யாருக்குமே இல்லையா? இருக்கிறது. மூல எஞ்சினே இல்லாமல் வெறும் கூடாகக் கிடைத்த வண்டி, பிளாக் வெடித்து ஒட்ட முடியாத வண்டி, சொந்த நிலத்திலோ பந்தயத் தடத்திலோ மட்டும் ஓடப்போகிற வண்டி. காண்டெஸாக்காரருக்கும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அந்தக் கம்பெனியே ஆரம்பத்தில் 1489 சிசி எஞ்சினும் பிறகு 1.8 லிட்டர் இசுஸு எஞ்சினும் போட்டு விற்றது. சேசிஸும் பிரேக்கும் அதைத் தாங்கும் என்பதற்குக் கம்பெனியே சாட்சி. அப்போதும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம், எழுத்தில் அனுமதி, அதற்கு அப்புறம்தான் ஸ்பேனர்.

## நான்கு: வாங்காமலே இருப்பது, அல்லது விற்றுவிடுவது

இன்னும் வாங்காத நண்பருக்காக இதைச் சேர்க்கிறேன். மூடிய பார்க்கிங் இல்லை, வீட்டில் வேறு கார் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்கெனவே வேலை இருக்கிறது என்றால் வாங்காதீர்கள். நிற்கிற வண்டி ஓடுகிற வண்டியைவிடச் சீக்கிரம் கெடும். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடி மூன்று மழைக்காலம் விட்டால் தரைத் தகரம் போய்விடும், அதற்குள் நல்ல கைக்குக் கொடுத்துவிடுங்கள். ஹெரால்டின் பாடி தனித்தனித் துண்டாக சேசிஸில் போல்ட் போட்டது என்பதால் துருப்பிடித்த பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். அந்த வசதி எம்.ஜி.பி.யில் இல்லை, அதில் பாடியும் சேசிஸும் ஒன்றே.

## ஜெயநகரில் போய்ப் பார்த்தது

அந்தப் பெண்ணிடம் எதையும் முடிவு செய்யாதீர்கள், நாங்கள் வந்து ஒன்று பார்க்க வேண்டும் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியும் நானும் போனோம். வண்டி நன்றாகவே இருந்தது. கதவு ஓரத்தில் மட்டும் துரு, அவர் அப்பாவின் கையெழுத்தில் சர்வீஸ் நோட்டு, கடைசிப் பதிவு 2018 பிப்ரவரி.

பானெட்டைக் கவிழ்த்துத் திறந்தோம். அவரை உள்ளே உட்காரச் சொல்லி, “கிளட்ச்சை அழுத்துங்கம்மா, விடுங்க, திரும்ப அழுத்துங்க” என்றார் மேஸ்திரி. நாங்கள் இருவரும் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியையே பார்த்தோம். இந்த எஞ்சின் குடும்பத்தின் பலவீனம் அங்கேதான். கிளட்ச்சை மிதித்துக்கொண்டு சிக்னலில் நிற்கும் பழக்கம் உள்ளவர் ஓட்டினால், கிராங்க்கை நகராமல் பிடிக்கிற அரைவட்ட வாஷர் தேய்ந்து, ஒரு நாள் சம்ப்புக்குள் (எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டிக்குள்) விழுந்துவிடும். விழுந்த பிறகும் ஓட்டினால் பிளாக்கே வீண். அப்படி ஆகியிருந்தால் முதல் இரண்டு வழிகளும் அவருக்குக் கிடையாது, ஈகோக்காரர் சொன்னதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

புல்லி நகர்ந்தது. கண்ணுக்குத் தெரிகிற அளவு, கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். இருக்க வேண்டியது 0.1 முதல் 0.2 வரை. மேஸ்திரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அப்பா சிக்னல்ல நியூட்ரல் போடுவாரா, கிளட்ச்சை மிதிச்சிட்டே நிப்பாராம்மா?”

அவர் சிரித்துவிட்டார். “மிதிச்சிட்டேதான் நிப்பார். அம்மா திட்டிட்டே இருப்பாங்க.”

சம்ப்பை அங்கேயே இறக்கினோம். இரண்டு வாஷரும் அதனதன் இடத்தில்தான் இருந்தன, பின்பக்கத்தது பிளேடு மாதிரித் தேய்ந்திருந்தது. பிளாக்கில் கீறல் இல்லை. ஐந்து தவ் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் ஐந்து பங்கு) கூடுதல் தடிமனுள்ள ஓவர்சைஸ் வாஷர் ஒரு ஜோடி ஆர்டர் போட்டிருக்கிறோம்.